வடக்கே காணாமல் போன ஏழு

கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பூவாத்தாளின் புருசன் நாச்சிமுத்துவுக்கு ரிக் வண்டியில் வேலை கிடைத்துவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் போர் போடுகிற வண்டியில் ஏறி ஆந்திராவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இவனுக்கு வாய்த்தது கர்னூல் பக்கம்.

வைகாசியில் கிளம்பினான். கிளம்புகிற அன்று பொழுது சாய்ந்ததும் அவளை வாசலுக்குக் கூப்பிட்டு வடக்கே கையைக் காட்டினான்.

"அதா பாரு புள்ள, ஏழு நட்சத்திரம். அகப்பையாட்ட இருக்குதா?"

"இருக்குதுங் மாமா."

"அங்கியும் இதேதான் தெரியும். பொழுது உழுந்ததும் நீ இங்கிருந்து பாரு, நான் அங்கிருந்து பாக்கறேன். அது இருக்கற வரைக்கும் நாம ரெண்டு பேரும் நல்லாருக்கறோம்னு வெச்சுக்க."

அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியுமே தவிரக் கடிதம் எழுத வராது. அதற்குப் பதிலாகத்தான் இதைச் சொல்லிவிட்டுப் போனான். பூவாத்தாள் அதைச் சாமி வாக்கு போலப் பிடித்துக்கொண்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து நின்று ஏழையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் அடுப்பு மூட்டுவாள்.

ஆடியில் அகப்பை மேற்கே சரிந்தது. ஆவணியில் இன்னும் இறங்கியது. புரட்டாசியில் அதன் கிண்ணம் பனைமரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. காம்பு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. ஐப்பசி மழை விட்டு வானம் கழுவினாற்போல் தெளிந்த ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால், காம்பும் இல்லை. மற்ற நட்சத்திரமெல்லாம் கொட்டிக் கிடந்தன. வடக்கே அந்த இடம் மட்டும் வெறிச்சென்றிருந்தது.

அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. மூத்தார் பெண்டாட்டி சௌந்திரத்திடம் சொன்னாள்.

"மேகம் மறைச்சிருக்கும், போ" என்றாள் சௌந்திரம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மேகமே இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டில் குடியிருந்த தண்டாயுதபாணி வாத்தியாரிடம் போனாள். அவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"சப்தரிஷிம்பாங்களே, அதானம்மா. இதுல பெருங்கரடின்னு போட்டிருக்குது. பக்கத்துல சிறுகரடி. அதோட வால் நுனியில இருக்கறது துருவன்."

"கரடீங்களா?" படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள். ரிஷிகள் எப்படிக் கரடியானார்கள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "அது இப்ப எங்கீங்க போச்சு?"

வாத்தியார் படித்துக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். "வருசம் பூராவும் மறையவே மறையாதுன்னுதானம்மா எழுதியிருக்குது!"

அவரும் அன்று இருட்டியதும் வாசலில் வந்து நின்று பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். உள்ளே போய் மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினார்.

மறையவே மறையாதது மறைந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம்? பூவாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்நேரம் சேதி வந்திருக்காதா என்று ஒரு மனசு சொல்லும். அங்கே யார் இருக்கிறார்கள் சேதி சொல்ல என்று இன்னொரு மனசு கேட்கும்.

கார்த்திகை பிறந்த சமயம், விடியற்காலையில்தான் கரண்ட் விட்டார்கள். மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச பூவாத்தாள் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்காலோரம் நின்றாள். வரப்பில் யாரோ வருவது தெரிந்தது.

"ஆரது?" என்று மண்வெட்டியைத் தூக்கினாள்.

"நாந்தான் புள்ள."

நாச்சிமுத்து! தாடியும் அழுக்குமாக, கையில் ஒரு பையோடு நின்றான். அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"உங்களுக்கு என்னாச்சுங் மாமா?"

"உனக்கு என்னாச்சு?"

"எனக்கென்னங்? நீங்க ஏன் இப்புடி?"

"ஏழும் காணலியே புள்ள! தெனமும் பாத்தேன். உனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு லாரி மாறி லாரி ஏறி வாரேன்."

"நானும் உங்களுக்குத்தான் ஆயிப்போச்சுன்னு..." அவளால் முடிக்க முடியவில்லை. முந்தானையால் அவன் முகத்து அழுக்கைத் துடைத்தாள்.

அவன் அவள் தலைக்கு மேலே எதையோ வெறித்துப் பார்த்தான். "அப்ப அது என்னது?"

திரும்பினாள். வடகிழக்கே, தென்னைகளுக்கு மேலே, ஏழும் நின்றன. கிண்ணம் மேலே, காம்பு கீழே.

"இது வேற ஏழாட்ட இருக்குதுங். அது மேக்கால போச்சே, இது கெழக்கால வருது."

"காம்புல நடுவுல இருக்கறதுக்குப் பக்கத்துல ஒரு குட்டி நட்சத்திரம் ஒட்டியிருக்குமே, பாரு."

கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஒட்டியிருந்தது. "அதேதானுங்!"

"அப்பறம் எதுக்குத் தலகீழா நிக்குது?"

"வாத்தியார் அதக் கரடீங்கறாருங்."

"கரடியா? எங்க?"

இருவரும் விடியும்வரை தேடினார்கள். கரடி கிடைக்கவில்லை. வாய்க்கால் உடைந்து தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் போனதுதான் மிச்சம்.

சேதி கேட்ட வாத்தியாரும் மறுநாள் விடியலில் எழுந்து பார்த்தார். "அந்தப் புஸ்தகம் ரொம்ப வடக்க இருக்கறவங்களுக்கு எழுதுனது போல. அங்க மறையாது. நம்மூர்ல சாயங்காலம் மறைஞ்சா விடியால வருது" என்றார். பூவாத்தாள் தலையாட்டினாள். பாதிதான் புரிந்தது.

அதற்கடுத்த நாள், ஊருக்கு வந்திருந்த ரிக் மேனேஜர் வேலுமணி இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் சாத்துக்குடிப் பையோடு. பெண்டாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் நாச்சிமுத்து வந்திருக்கிறான். அதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டான். அவன் கண்ஜாடை காட்டியதும் அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள்.

"என்னம்மிணி பண்ணுது?"

"காய்ச்சலுங்க" என்றான் அவன். அதே நேரம் "வயித்து வலிங்க" என்றாள் அவள்.

வேலுமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ விளங்கினாற்போல் முகம் மலர்ந்தது. "நல்ல சேதிதானுங்களா? சரி, சரி" என்று பையை வைத்தார். அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்று புரிய இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவர், மறுநாளே வண்டி ஏற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கிளம்பும்போது நாச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வானத்தக் காட்டற வேலையே வேண்டாமுங். வாரம் ஒரு கார்டு போடுங்க, அது போதும்" என்றாள் பூவாத்தாள்.

மார்கழியில் முதல் கார்டு வந்தது. எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. பொங்கலுக்கு வாரேன் என்கிறானா, வரலே என்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாத்தியாரிடம் கொடுத்தாள், அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் பலகாரத்துக்குப் பச்சரிசியை ஊற வைத்து இடிக்க ஆரம்பித்தாள்.