ஏழு அப்பாக்கள் உள்ள விளையாட்டு

என் தம்பி தௌரென் ரௌஷானைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அதற்கு அவன் கண்டுபிடித்த வழி, அவளுக்குப் பிடித்த கணினி விளையாட்டைக் கெடுப்பது. அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர் மோட். யாரோ செய்து வைத்த விளையாட்டுக்குள் புகுந்து நம் இஷ்டத்துக்குச் சட்டம் போடுவது.

ரௌஷான் எங்கள் கராகந்தி ஊரில் மாலை வகுப்பு வைத்து ப்ரோகிராமிங் சொல்லித் தருகிறவள். தௌரென் அங்கேதான் சேர்ந்தான். பாடத்தைவிட வாத்தியாரம்மாவை அதிகம் பிடித்துப்போனதால் ஒரு நாளும் தவறாமல் போனான். ஒன்றும் கற்காமல் வந்தான்.

“மெமரியில ஒரு பெட்டிக்குப் பேர் வைக்கிறது, அதுக்குள்ள நம்பரைப் போடுறது, இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்க்கா. நான் நேரா மோட் பண்ணப் போறேன்” என்றான்.

“ஆனா ஆவன்னா தெரியாம காவியம் எழுதப் போறியாடா?”

“நெட்ல எல்லாம் எழுதி வெச்சிருக்கான். அங்கங்க எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.”

ராஜாக்கள், கல்யாணங்கள், வாரிசுகள் என்று போகிற விளையாட்டு அது. அதில் நம் புல்வெளிக் குலங்களைச் சேர்த்து, நம் வழக்கத்தையும் சட்டமாக்கப்போவதாகச் சொன்னான். ஏழு தலைமுறைக்குள் ஒரே அப்பன் வந்தால் இருவரும் பங்காளிகள், கல்யாணம் கிடையாது. எங்கள் ஊரில் பெண் கேட்கப் போனால் முதலில் டீ வரும், அடுத்து அப்பா, தாத்தா என்று மேலே போகும் இந்த ஏழு அப்பாக்களின் பெயரைக் கேட்பார்கள்.

எங்கள் சங்கடமும் அதுதான். எங்கள் வீட்டில் மூன்று பெயருக்கு மேல் கிடையாது. கொள்ளுத்தாத்தா பெரும்பஞ்சத்தில் அநாதை விடுதி வாசலில் விடப்பட்ட குழந்தை. தன் அப்பா பெயரைச் சொல்லும் வயதுகூட அவருக்கு வந்திருக்கவில்லை. ரௌஷானின் அப்பா மிர்ஸாபெக் அப்படியில்லை, கல்யாண விருந்துகளில் யாரும் கேட்காமலே தன் ஏழு அப்பாக்களையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பவர். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அப்பா பேச்சை மீறி வரமாட்டேன் என்று ரௌஷான் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட் தயார் என்று தௌரென் அவளை வீட்டுக்கு அழைத்தான். நான் பவுர்சாக் என்ற மாவு உருண்டைகளைப் பொரித்து, பால் விட்டு டீ வைத்தேன். திரையில் வருஷங்கள் ஓடின. ராஜா கிழவனானார். இளவரசிகளுக்கு நரை விழுந்தது. ஒரு கல்யாணம்கூட நடக்கவில்லை. குலம் குலமாகச் செத்துப்போய், கடைசியில் புல்வெளியில் குதிரைகள்தான் நின்றன.

“என்னடா இது, உன் நாட்டுல யாருக்கும் யாரையும் பிடிக்கலையா?” என்றேன்.

ரௌஷான் அவன் எழுதியதைத் திறந்து பார்த்துவிட்டு, டீ புரையேறும் வரை சிரித்தாள்.

“இதுல யாருக்குமே ஏழு பேரும் முழுசா கிடையாது தௌரென். மேல இருக்கிற இடமெல்லாம் காலி. நீ ரெண்டு பேரோட முன்னோரையும் ஒப்பிடச் சொல்லியிருக்கே. இங்கயும் காலி, அங்கயும் காலி. ரெண்டும் ஒண்ணுதானேன்னு கம்ப்யூட்டர் எல்லாரையும் பங்காளி ஆக்கிடுச்சு.”

“இப்ப என்ன பண்றது?”

“முதல்ல பேர் இருக்கான்னு பாக்கணும். இல்லைன்னா ஒப்பிடவே கூடாது. இதை ஆரம்பப் பாடத்துலயே சொன்னேன். நீ தூங்கிட்டிருந்தே.”

“தூங்கல. உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன்.”

“அதுக்கு மார்க் கிடையாது.”

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான். குளிர்காலம் முழுக்க, அவன் கேலி செய்த அதே பெட்டிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான். பனி உருகும்போது ஒரு நாள் நான் வேலையில் இருக்கையில் போன் வந்தது.

“அக்கா, கல்யாணம் ஆயிடுச்சு!”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “யாருக்குடா?”

“விளையாட்டுலக்கா. முதல் ஜோடி.”

வாயில் வந்தபடி திட்டிவிட்டு வைத்தேன். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ரௌஷானும் சரி என்றபின், நிஜக் கல்யாணத்துக்கு நான்தான் பேசப் போகவேண்டும், எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. வழியில் காரில் கெஞ்சினேன். “இன்னும் நாலு பேரை நீயே வெச்சுச் சொல்லிடேன்டா, யார் வந்து பாக்கப் போறா?”

“எடுத்து ஒட்டறதை நான் விட்டுட்டேன்க்கா” என்றான். ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் பொறுப்பில்லாமல் இருந்தவனுக்கு அன்றைக்கென்று யோக்கியம் வந்திருந்தது.

மிர்ஸாபெக் வீட்டுச் சமையலறையில் ஈரலும் செம்மறி வால் கொழுப்பும் தட்டில் மூடி வைத்திருந்தார்கள். சம்மதம் கிடைத்தால் இரு பக்கமும் அதை ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுவோம், அப்புறம் பேச்சு மாறக்கூடாது. மிர்ஸாபெக் வழக்கம்போல ஏழு பெயரையும் முழங்கிவிட்டு என் தம்பியைப் பார்த்தார். தௌரென் மூன்று பெயரைச் சொன்னான்.

“அதுக்கு மேல தெரியாது மாமா.”

“தெரியாத ஆளு எங்க வம்சத்து ஆளாவும் இருக்கலாமே தம்பி. எதை நம்பிப் பொண்ணைக் குடுக்கிறது?”

“இருக்கலாம் மாமா. ஆனா தெரியாதவங்க எல்லாரும் பங்காளின்னு வெச்சு நான் ஒரு நாட்டையே நடத்திப் பாத்துட்டேன். கடைசியில குதிரைங்கதான் மிஞ்சிச்சு.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரௌஷான் அவருக்கு விளையாட்டை விளக்கினாள். அவர் சிரிக்கவில்லை. டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“அந்த விளையாட்டுல, இல்லாத பேரை நாமளே வெச்சுக் குடுத்தா அது கண்டுபிடிச்சிடுமா?”

“இல்ல மாமா. பேர்னு ஒண்ணு இருந்தா நம்பிடும்.”

“நானும் அப்படித்தான் நம்பினேன்” என்றார் மிர்ஸாபெக். “எங்க அப்பாவும் விடுதியில வளர்ந்தவர்தான். ஸ்கூல்ல பசங்க என்னைக் கேலி பண்றாங்கன்னு அழுதேன். ஒரு சாயங்காலம் உக்காந்து மேல ஆறு பேரையும் அவரே வெச்சுக் குடுத்தார். சாகும்போதுதான் சொன்னார். பேரெல்லாம் நல்லாத்தான் வெச்சார்.”

ரௌஷான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவளும் ஒப்பித்து வந்த பெயர்கள். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது.

அவரே எழுந்து போய்த் தட்டைக் கொண்டுவந்து, தௌரென் வாயில் ஈரலையும் கொழுப்பையும் திணித்தார். என் முறை வந்தபோது நான் அவருக்கு ஊட்டினேன். மென்றுகொண்டே இருந்தார்.

“இனிமே விருந்துல என்னப்பா சொல்லப் போறீங்க?” என்று ரௌஷான் மெதுவாகக் கேட்டாள்.

அவர் விழுங்கி முடித்தார். “எங்க அப்பா பேரைச் சொல்லுவேன்மா. அதோட நிறுத்திப்பேன்.”