முப்பத்தொரு நாய்களுக்கான மனு

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மார்ச் மாதம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் செல் குண்டுகள் விழத் தொடங்கியதும் சனம் வாவியின் இந்தக் கரைக்கு ஓடிவந்தது. வலையிறவுப் பாலத்தடியில் ராணுவத்தினர் எல்லோரையும் நிறுத்திச் சோதித்து, முகாம்களுக்குப் போகும் பஸ்களில் ஏற்றினார்கள். நாய்களை ஏற்ற விடவில்லை. ஊரிலிருந்து ஆட்களின் பின்னாலேயே ஓடிவந்த நாய்கள், பஸ் புறப்பட்ட பிறகு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தெருவில் நின்றன.

சீதேவிப்பிள்ளை அங்கே நின்றது வேலை நிமித்தம். மிருக வைத்தியசாலையில் தடுப்பூசி போடும் உதவியாளராக அவளுக்கு இருபத்திரண்டு வருடச் சேவை. சனத்தோடு வந்த மாடுகளைப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். கரடியனாற்றைச் சேர்ந்த கனகசிங்கம் என்ற விவசாயி, கிழிந்த சாரத் துண்டால் கட்டிய ஒரு கறுத்த நாயை அவளிடம் இழுத்துக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, இவன்ட பேர் கறுவல். கடிக்க மாட்டான். ரெண்டு கிழமையில திரும்பிருவம் எண்டுதான் சொல்றாங்க. அதுவரைக்கும் வச்சிருப்பீங்களா?”

“வச்சிருப்பன் அண்ணன். நீங்க பஸ்ஸில ஏறுங்க.”

அவள் சொன்னதைக் கேட்டு நின்றவர்களும் தங்கள் நாய்களைக் கொண்டுவந்தார்கள். அடுத்த நாளும் வந்தார்கள்.

நாய்களை வைக்க, வாவிக்கரையில் மூடிக்கிடந்த நெல்லு மில் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். முப்பத்தொரு நாய்கள் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, கழுத்தில் சிவப்புத் துணி கட்டினாள். எந்த நாய் யாருடையது, அவர் எந்த முகாமில் இருக்கிறார் என்று கொப்பியில் எழுதி வைத்தாள். காலையில் வேலைக்குப் போகுமுன் குறுணல் கஞ்சி காய்ச்சி ஊற்றுவாள். பக்கத்தில் தோணி வைத்திருந்த யோகராசா, விலைப்படாத மீனைக் கொண்டுவந்து போடுவான்.

இரண்டு கிழமை என்றது இரண்டு மாதமானது. மே மாதம் ஒரு முகாமில் ஏழு வயதுப் பெண்பிள்ளை விசர்நாய் கடித்துச் செத்துப்போனது. கடித்தது எந்த நாய் என்று எவருக்கும் தெரியவில்லை. செத்தவீட்டுக்குச் சீதேவிப்பிள்ளையும் போனாள். தாயின் பக்கத்தில் போய் உட்கார அவளுக்குத் துணிவு வரவில்லை. வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு யோகராசா சைக்கிளில் வைத்தியசாலைக்கு வந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவள் கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டாள்.

“பிரதேச சபையில இருந்து நாய் பிடிக்க உழவு மெசின் வந்திருக்கு. கெதியா வாங்கக்கா.”

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் நாய்கள் ஒன்றின்மேல் ஒன்றாய்ச் செத்துக் கிடந்தன. நஞ்சு ஊசி குத்தியவர்கள் வாவியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“துரத்திப் பிடிக்கவும் இல்லக்கா,” என்றான் யோகராசா. “கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்ததுகள்.”

சபையின் அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. அவளை உட்காரச் சொன்னார்.

“முகாம்ல சனம் பயந்து போயிருக்கு. தெருநாயைக் கொல்லச் சட்டம் இடம் குடுக்குது. நாங்க செஞ்சது பிழை எண்டு யாரும் சொல்ல ஏலாது.”

“தெருநாய் இல்ல சேர். எல்லாத்துக்கும் ஊசி போட்டிருக்கு. சொந்தக்காரரும் இருக்காங்க.”

“சொந்தக்காரர்ட வீட்டு வளவிலயா நிண்டது?”

“வளவுக்குப் போக அவங்களை விடல்லயே.”

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அத என்னட்டக் கேக்காதீங்க.”

ஏறாவூரைச் சேர்ந்த றமீஸா என்ற இளம் சட்டத்தரணியிடம் போனாள். றமீஸா இரண்டு நாள் சட்டப் புத்தகங்களைப் புரட்டிவிட்டுக் கூப்பிட்டாள்.

“மிருகவதைச் சட்டம் ஒண்டு இருக்கக்கா. வெள்ளைக்காரன் காலத்துல எழுதினது. ஆகக் கூடின தண்டம் நூறு ரூபா. உங்கட மில் மாதிரி நாய்க் காப்பகத்தைப் பத்தி நமக்கு உதவுற மாதிரி அதில ஒண்டும் இல்ல. வழக்குப் போட்டாலும் நிக்காது.”

“மறுகா என்னதான் செய்யிற?”

“சட்டத்தை மாத்தச் சொல்லிக் கேக்கலாம். புதுசா ஒண்டு எழுதக் கொழும்பில ஒரு குழு இருக்காம். சனத்துட்ட மனு கேட்டிருக்காங்க. நம்மட பக்கத்தால ஒரு கடிதம்கூடப் போகல்ல.”

“சண்டைக்குள்ள நாயைப் பத்தி யாரு எழுதுவா?”

“நீங்கதான் எழுத வேணும்.”

இருவருமாக எழுதினார்கள். காப்பகங்களைப் பதிவு செய்ய வேண்டும். தடுப்பூசி போட்ட பிராணியைச் சொந்தக்காரருக்கு அறிவிக்காமல் கொல்லக்கூடாது. கொன்றால் தண்டனை வேண்டும். அந்தத் தாளோடு சீதேவிப்பிள்ளை முகாம் முகாமாகக் கையெழுத்துக்குப் போனாள். போன இடமெல்லாம் முதலில் நாய் செத்த செய்தியைச் சொல்லவேண்டியிருந்தது.

கனகசிங்கம் கூடாரத்துக்கு வெளியே விறகு கொத்திக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நாயைத் தேடி அவளுக்குப் பின்னால் பார்த்தார். தடுப்பூசி போட்டதையும் சபை கொன்றதையும் அவள் சொன்னாள்.

“ஊசி போட்ட எண்டுதானே சொன்னீங்க?”

“போட்டன் அண்ணன்.”

“அப்ப ஏன் கொன்றவங்க?”

அவர் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுப் பேனையை வாங்கினார். முதல் கையெழுத்து அவருடையது.

அதே முகாமில் அன்னப்பூரணி என்ற உன்னிச்சை ஊர்க்காரி தாளைத் தட்டிவிட்டாள். “எட்டு மாசமா என்ட மகனைக் காணல்ல. அவனைத் தேடித் தாறதுக்கு ஒரு சட்டமும் இல்ல. நீ நாய்க்குச் சட்டம் கேட்டு வந்திருக்கியா? வெக்கமில்லையா ஒனக்கு?”

சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சீதேவிப்பிள்ளை தாளைப் பொறுக்கி மடித்துக்கொண்டு நடந்தாள். அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றே அவளுக்குப் பட்டது. முகாம் வாசலில் யாரோ பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. அன்னப்பூரணிதான்.

“என்ட பசு கண்டு போட்டு நாலு நாள். கொட்டிலுக்குள்ள கட்டி நிண்டது. அவிழ்த்து விட்டிட்டு வாறன், அஞ்சு நிமிசம் நில்லுங்க எண்டு கும்பிட்டன். ஏறு ஏறு எண்டு உழவு மெசின்ல தூக்கிப் போட்டிட்டாங்க.” அவள் மூச்சு வாங்கினாள். “இப்பயும் அது கத்துறது காதில கேக்குது. சனத்தை ஊரால எழுப்புறவங்க கட்டின மாட்டை அவிழ்க்க நேரம் குடுக்க வேணும் எண்டு அதில எழுது.”

றமீஸா அதையும் ஒரு வரியாகச் சேர்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகளோடு மனு கொழும்புக்குப் போனது.

பதில் வரப் பத்து மாதமானது. அதற்குள் சனம் ஊர் திரும்பியிருந்தது. காப்பகங்கள் பற்றிய கோரிக்கை வரைவில் கவனிக்கப்படும், இடப்பெயர்வு பற்றிய கோரிக்கை குழுவின் வேலைக்குள் அடங்காது என்று இரண்டே வரி. வரைவு எப்போது சட்டமாகும் என்று எழுதவில்லை.

சீதேவிப்பிள்ளை பஸ் ஏறி உன்னிச்சைக்குப் போனாள். அன்னப்பூரணி கூரை இல்லாத வீட்டுக்குள் தறப்பாளின் கீழே இருந்தாள். சீதேவிப்பிள்ளை கடிதத்தை வாசித்துக் காட்டினாள்.

“அப்ப என்ட வரியை எடுத்திட்டாங்க.”

“ஓமக்கா. நான் திருப்பி எழுதுவன். விட மாட்டன்.”

அன்னப்பூரணி வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு தறப்பாளின் ஓரத்தை இழுத்துக் கட்டிவிட்டுக் கேட்டாள்:

“அப்பிடி எழுதக்க, என்ட மகன்ட பேரையும் அதில ஒரு ஓரத்தில எழுத ஏலாதா?”

“அது வேற சட்டம் அக்கா.”

“அதுக்கு யாருட்ட எழுதுற?”

அது சீதேவிப்பிள்ளைக்குத் தெரியாது. பையிலிருந்து வெறும் தாள் ஒன்றை எடுத்து மடியில் விரித்தாள்.

“பேரைச் சொல்லுங்க,” என்றாள்.