வாசனை வராத ஓவன்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபம் என்னுடையதுகூட இல்லை, அண்ணியுடையது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "நீ கதை எழுதுறவதானே, இத எழுது" என்று ஆரம்பித்து, வாசலில் நின்றபடியே முழுவதையும் கொட்டித் தீர்த்தார். நான் கரண்டியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துப் போயிற்று.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்த வீடுகளை, அடுத்தவர் குடிவருவதற்குள் சுத்தம் செய்துகொடுக்கும் நிறுவனத்தில் எட்டு வருடமாக வேலை. ஜன்னல், கழிப்பறை, அலமாரி எல்லாமே செய்வார் என்றாலும், அங்கே அவர் பேர்போனது ஓவனுக்கு.

(ஒரு சங்கடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'ஓவன்' என்பதைப் பலர் 'அவன்' என்றுதான் எழுதுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். 'அண்ணி அவனுக்குள் கையை விட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார்' என்று வந்தது. படித்த அண்ணன் யாரவன் என்று கேட்டார். அதனால் ஓவன்.)

முதல் வரிக்கு மூன்று வரைவுகள்:

அ) கருகிய அந்த இருட்டுக் குகைக்குள் அவள் தன் வாழ்க்கையையே கண்

"எண்ணெய்க் கறையத்தான் கண்டேன்" என்றார் அண்ணி.

ஆ) அவளுடைய கண்ணீர்த் துளிகள் ஓவன் கதவில் பட்டுத் தெறி

"நான் எப்ப அழுதேன்? மருந்து எரிச்சல்ல கண்ணுல தண்ணி வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா?"

இ) ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணி மூன்றாம் மாடி வீட்டைத் திறந்தார்.

இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

ஆனால் புதனுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் புதன் புரியாது.

ஓவனுக்கென்று நிறுவனம் ஒரு மருந்து கொடுக்கிறது. டப்பாவை அழுத்தினால் நுரையாகப் பீறிட்டு வரும். இருபது நிமிடத்தில் எந்தக் கரியையும் இளக்கிவிடும். ஜன்னலைத் திறந்து வைக்கவும், கையுறையும் முகமூடியும் அணியவும் என்று டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு வீட்டில் சமையலறை ஜன்னல் பெயிண்ட் பிடித்து ஒட்டிப்போயிருந்தது. அண்ணி ஓவனுக்குள் தலையை விட்டு மருந்தை அடித்தார். அடுத்த நொடி தொண்டையை யாரோ நெரித்த மாதிரி இருந்ததாம். தடுமாறி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் இருமினார். மூன்று வாரம் அந்த இருமல் விடவில்லை. இனி அந்த மருந்துப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மேற்பார்வையாளரிடம் போய் அண்ணி முகமூடி கேட்டார். எப்போதும் கையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிப்பவர் என்பதால் அங்கே வேலை செய்யும் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'டிக் சார்'.

"ஜன்னலத் திறந்து வச்சுக்கோங்கம்மா" என்றார் டிக் சார்.

"ஜன்னல் திறக்கல சார்."

"அப்ப சட்டுனு அடிச்சிட்டு சட்டுனு வெளிய வந்துடுங்க."

[இங்கே நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அச்சேறக்கூடிய வார்த்தை அதில் ஒன்றோ இரண்டோதான் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

அன்றிலிருந்து அண்ணி டப்பாவைத் தொடவில்லை. சமையல் சோடாவும் வினிகரும் சொந்தமாக வாங்கிக்கொண்டு போனார்.*

* செய்முறை கேட்பவர்களுக்கு: அரை கப் சோடாவில் சிறிது தண்ணீர் விட்டுத் தோசைமாவைவிடக் கெட்டியாகக் குழைக்கவும். ஆறிய ஓவனின் உட்புறமெங்கும் பூசவும். சூடேற்றும் கம்பிகளில் படக் கூடாது. இராத்திரி முழுக்க ஊறினால் உத்தமம், ஐந்தாறு மணி நேரமாவது விடவும். ஈரத்துணியால் வழித்துவிட்டு, மிச்சம் இருக்கும் வெள்ளையின் மேல் வினிகர் தெளித்தால் பொங்கும். மறுபடி துடைக்கவும். கம்பித் தட்டுகளைப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைக்கவும். 'தோசைமாவை எதுக்கு இழுத்த?' என்று அண்ணி கேட்டார். எனக்கு வேறு அளவு தெரியாது.

3

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணி மூன்றாம் மாடி வீட்டைத் திறந்தார். நேரே சமையலறைக்குப் போய் ஓவன் கதவை இழுத்தார். முன்பு இருந்தவர்கள் ஒரு தடவைகூடத் துடைத்திருக்கவில்லை. அடியில் கொழுப்பு உருகி, கருகி, தார் மாதிரி இறுகிக் கிடந்தது. கதவுக் கண்ணாடி காப்பி நிறத்தில் இருந்தது.

(அடுத்து இந்த வீட்டுக்கு ஒரு கைக்குழந்தையோடு குடும்பம் வருவதாக எழுதினேன். "யார் வர்றாங்கன்னு எனக்குத் தெரியாது. குழந்த வந்தாத்தான் மருந்து கெடுதலா? எனக்கு நெஞ்சு இல்லையா?" என்று கேட்டார் அண்ணி. குழந்தையை எடுத்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.)

சோடாவைக் குழைத்துப் பூசிவிட்டு மற்ற அறைகளைப் பார்க்கப் போனார். மூன்று மணிக்குத் திரும்பி வந்து வழிக்க ஆரம்பித்தார். முதல் துணி கறுப்பாக வந்தது. ஐந்தாவது பழுப்பாக. அடியில் அசையாத ஒரு திட்டுக்கு மறுபடி சோடா வைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் நகம் நகமாகப் பெயர்த்தார். நாலரைக்கு ஓவனின் உள்சுவரில் தன் மஞ்சள் கையுறை நிழலாடுவதைப் பார்த்தார்.

"அப்ப எப்படி இருந்துச்சு அண்ணி?"

"முதுகு வலிச்சுது. ஆனா நல்லா இருந்துச்சு."

4

ஐந்து மணிக்கு டிக் சாரும் வீட்டுக்காரம்மாவும் வந்தார்கள். வீட்டுக்காரம்மா ஓவனைத் திறந்தார். குனிந்து பார்த்தார். பிறகு மூக்கை உள்ளே நீட்டி இரண்டு தரம் இழுத்தார்.

"மருந்து வாசனையே வரலையே. துடைச்சீங்களா?"

"உள்ள பாருங்கம்மா" என்றார் அண்ணி.

"பாக்குறதுக்கு இருக்கு. ஆனா சுத்தம் பண்ணின வாசனை இல்லையே."

அண்ணி ஒரு வெள்ளைக் காகிதக் கைக்குட்டையை உருவி அந்த அம்மாள் கையில் கொடுத்தார். "நீங்களே துடைச்சுப் பாருங்க. எங்க வேணும்னாலும்."

அந்த அம்மாள் அடியில் துடைத்தார், மூலையில் துடைத்தார், கதவிடுக்கில் துடைத்தார். தாள் போன மாதிரியே வெள்ளையாக வந்தது. அதை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருந்தாலும்…" என்று இழுத்தார்.

அந்த 'இருந்தாலும்' என்னும் சொல்லை இந்த மொழியிலிருந்தே நாடுகடத்த வேண்டும். கண்ணுக்கு முன்னால் அத்தாட்சி, கையில் அத்தாட்சி, இருந்தாலும்! மூச்சை அடைக்கிற நெடிதான் சுத்தத்தின் வாசனை என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அடுத்தவள் நுரையீரலில் கொஞ்சமாவது புண்பட்டால்தான் வேலை நடந்ததாக நம்புவார்களா?

(கட்டுரை மாதிரி போகிறது. தெரிகிறது. இருந்தாலும் இந்தப் பத்தியை அடிக்க மாட்டேன்.)

டிக் சார் அண்ணியைக் கூடத்துக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஓவன் பளிச்சுன்னுதான்மா இருக்கு. யாரு இல்லேன்னா? சும்மா மேலாக்க ரெண்டு அடி அடிச்சு விடுங்க. வாசனை வந்தாப் போதும், அந்தம்மா கையெழுத்துப் போட்டுடும்."

"சுத்தமா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுதுல்ல சார்?"

"தெரியுது."

"அப்பறம் எதுக்கு மருந்து?"

"எதுத்துப் பேசாதீங்கம்மா. போன வாரமே ஒரு வீடு சரியில்லேன்னு போட்டிருக்கு. இதுவும் அப்படிப் போச்சுன்னா உங்கள லிஸ்ட்ல வைக்க முடியாது."

எட்டு வருட வேலை. அண்ணனின் முதுகுவலிக்கு அப்புறம் வீட்டில் நிலையான வேலை அது ஒன்றுதான். அண்ணி நிறுவனத்தின் மருந்து டப்பாவை எடுத்து வந்து டிக் சார் கையில் கொடுத்தார்.

"நீங்க அடிங்க சார். நான் வெளிய நிக்கிறேன்."

5

அடித்தார். அந்தச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. உள்ளே குனிந்து இரண்டு அடி அடித்தவர், மூன்றாவது வினாடி பட்டியலைக் கீழே போட்டுவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு லொக்கு லொக்கென்று இருமினார். வீட்டுக்காரம்மா துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலிருந்தே, "ஆங், இப்பத்தான் சுத்தம் பண்ணின மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணி டிக் சாருக்குத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

இந்த இடத்தில் டிக் சார் மனம் திருந்துவதாக ஒரு பக்கம் எழுதினேன். இருமல் அடங்கியதும் அண்ணியைப் பார்த்து, "இவ்வளவு நாளா உங்களுக்கு இப்படித்தானா…" என்று கேட்பார். நன்றாக வந்திருந்தது. வாசகர்கள் கண் கலங்குவார்கள் என்று நம்பினேன்.

அண்ணி படித்தார். "அந்தாளு கேட்கவே இல்லையே."

"கதைக்காக அண்ணி."

"கதைக்காக அவர நல்லவராக்குற. நிசத்துல மறுநாள் காலைல என்ன பண்ணினார் தெரியும்ல?"

தெரியும். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இனி எல்லா ஓவன்களும் மருந்து அடித்துத்தான் முடிக்கப்பட வேண்டும், வாடிக்கையாளர்கள் அதையே விரும்புகிறார்கள். கீழே டிக் சாரின் கையெழுத்து. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் அவர் இருமுவது கேட்டதாம்.

6

முடிவுகள். ஒன்று: அண்ணி வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறார். ("பணம் யாரு கொடுப்பா? நீயா?") இரண்டு: பல்லைக் கடித்துக்கொண்டு மருந்தை அடிக்கிறார். (இதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை.) மூன்று: அந்த வீட்டுக்காரம்மாவே ஒருநாள் மருந்து நெடியில் மயங்கி

வேண்டாம். யாரும் மயங்க வேண்டாம்.

நடந்தது இவ்வளவுதான். அண்ணி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜன்னல் திறக்காத சமையலறையில் மருந்து அடிக்க மாட்டோம்; ஓவனை மூக்கால் சோதிக்காமல் வெள்ளைத் துணியால் துடைத்துச் சோதிக்க வேண்டும். ஒன்பது பெண்களில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எட்டாமவள் பேனாவை வாங்கி, யோசித்து, திருப்பிக் கொடுத்தாள். ஒன்பதாமவள் அன்று விடுப்பு. அலுவலகத்தில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பதில் வரும்வரை ஏழு பேரும் சோடாவைத்தான் குழைக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தகராறுதான்.

பத்திரிகையில் இந்த வெள்ளிக்கிழமைக்குள் கதையைக் கேட்கிறார்கள். நேற்று அண்ணிக்குப் போன் போட்டேன்.

"பதில் வந்துச்சா அண்ணி?"

"இல்ல."

"அப்ப நான் எப்படி முடிக்கிறது? ஏதாவது ஒரு முடிவு வச்சிடட்டுமா?"

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"அவங்க பதில் சொல்லாம இருக்காங்க. நீ முடிச்சிட்டேன்னா அவங்களுக்கு அது வசதி. படிக்கிறவங்க அப்பாடான்னு போயிடுவாங்க. முடிக்காத."

ஆகவே முடிக்கவில்லை. கடிதம் கொடுத்து இன்றோடு பதினோரு நாள். நீங்கள் படிக்கும்போது எத்தனையாவது நாள் என்பதை நீங்களே எண்ணி இங்கே போட்டுக்கொள்ளுங்கள்: (        )