நெற்றியில் வைத்த கை

கற்பூரத் தண்ணீரில் நனைத்த துணியைத் தம்பி ஜேபஸின் முகத்திலிருந்து எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் டெம்பிக்குக் குதிரைகளின் சத்தம் கேட்டது. ஓடைப் பக்கமிருந்து, ஏதோ தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி வந்தது. ஜேபஸ் செத்ததிலிருந்து அவள் கண்ணை மூடவில்லை. தூங்காத காதில் எல்லாச் சத்தமும் அப்படித்தான் விழுந்தது. உயிர் போனதும் வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். அதனால் வீட்டுக்குள் பொழுது அப்படியே நின்றது. வெளியே பருத்திக்காட்டின் மேல் மட்டும் வெயில் நகர்ந்துகொண்டிருந்தது.

"வந்துட்டாங்க. சட்டைக் கையை இறக்கி விட்டுக்கோ" என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த மஹாலா கையை இறக்கிவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து சிவந்திருந்தது மறைந்தது. ஜேபஸின் மனைவி அவள். வயிற்றில் ஏழு மாதம்.

ஜேபஸைக் கொன்றதும் அவள்தான். டெம்பி தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். முற்றத்தில் துணி வெந்துகொண்டிருந்த இரும்புப் பானையை நோக்கி ஜேபஸ் அவள் கழுத்தைப் பிடித்து அழுத்தினான். மஹாலாவின் கை எதையோ தேடித் துழாவியது. துணி அடிக்கிற கட்டை அகப்பட்டது. ஒரே அடி. டெம்பி ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு பெண்களுமாக அவனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கட்டையைப் பானைக்கு அடியில் எரிகிற நெருப்பில் டெம்பியே போட்டாள். "கால் வழுக்கிக் கிணத்துக் கல்லுல விழுந்துட்டான்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். மஹாலா தலையாட்டினாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு தப்பு செய்தாள் டெம்பி. அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் பிணத்தைக் குளிப்பாட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துதான் செய்வார்கள். வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "நான் வளத்த புள்ள, நானே பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டாள். காயத்தை அவர்கள் கிட்டத்தில் பார்க்கக் கூடாது என்பதுதான் அவள் நினைப்பு. அவர்களோ அந்த ஒரு வார்த்தையை ஊரெல்லாம் விதைத்தார்கள். ஒரு வாய் மோர் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போயிருக்க வேண்டிய விசாரணை அதிகாரி, இப்போது ஜூரிக்காரர்கள் பன்னிரண்டு பேரோடு வருகிறார்.

வளர்த்தது பொய்யில்லை. ஜேபஸைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா கண்ணை மூடியபோது டெம்பிக்குப் பாவாடை தடுக்கும் வயது. இடுப்பு ஒடிய அவனைச் சுமந்தாள். அவன் ஒருத்தனுக்காகக் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டாள், அது தள்ளியே போய்விட்டது. போருக்குப் போன ஜேபஸ் வேறு, திரும்பி வந்த ஜேபஸ் வேறு என்று ஊரில் சொல்வார்கள். டெம்பிக்குத் தெரியும். போவதற்கு முன்பே கை ஓங்கத் தெரிந்தவன்தான்.

விசாரணை அதிகாரி லோஃப்டிஸ் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். மாவரைக்கிற மில்லுக்காரர் அவர். மரண விசாரணை அவருக்கு உபரி வேலை. புருவத்தில் சோளமாவு அப்படியே இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க, மிஸ் டெம்பி. சீக்கிரம் முடிச்சிர்றேன்."

ஜூரிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பிணத்தைக் கிடத்தியிருந்த பலகையைச் சுற்றி நின்றார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். தேவாலயத்தில் பார்த்து, சந்தையில் பார்த்து, இவர்கள் வீட்டுச் சாவுகளிலும் பார்த்த முகங்கள். இன்று எல்லாம் ஆற்றின் அக்கரையில் நிற்பதுபோல் தெரிந்தன. ஊர் வழக்கப்படி பிணத்தின் நெஞ்சின் மேல் தட்டில் உப்பு வைத்திருந்தது. யாரோ அதைத் தட்டிவிடாமல் சுற்றிப் போனார்கள்.

லோஃப்டிஸ் கேட்டார். டெம்பி சொன்னாள். கிணறு, ஈரம், கல். மஹாலாவிடம் கேட்டபோது அவளும் சொன்னாள்.

"அப்ப சரி" என்று லோஃப்டிஸ் தொப்பியை எடுத்தார்.

"என்ன சரி?" என்றார் கிழவர் ஓசியா கிரம். ஓடைக்கு அந்தக் கரையில் இருப்பவர். ஜூரியிலேயே மூத்தவர். "தொட்டுப் பாக்கலையே. வீட்டுல இருக்கறவங்க செத்தவனைத் தொடணும். கொன்னவன் தொட்டா ரத்தம் வரும்."

"சட்டத்துல இதெல்லாம் கெடையாதுங்க."

"சட்டம் நேத்து வந்தது. அண்ணன் கையால செத்த ஆபேல் காலத்துலேர்ந்து ரத்தம் பேசிக்கிட்டு இருக்கு."

"போன வருசம் பெருசோட பன்னி செத்ததுக்கும் எங்க எல்லாரையும் தொடச் சொன்னாரு" என்றான் பிக்கன்ஸ் என்கிற இளவட்டம். இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கினார்கள்.

"சொன்னேன்" என்றார் கிழவர். "நீ ஒருத்தன்தான் வராம இருந்தே."

சிரிப்பு அடங்கியது. யாரும் கிளம்பவில்லை. சிரித்தவர்களும் நம்புகிறவர்கள்தான். லோஃப்டிஸ் தொப்பியைத் திரும்பக் கீழே வைத்துவிட்டு, "எப்படியும் பொட்டியை மூடறதுக்கு முன்னாடி தொடத்தானே போறீங்க. இப்பவே தொட்ருங்க. இவங்க மனசும் ஆறும்" என்றார்.

மஹாலா எழுந்திருக்கவில்லை. டெம்பி குனிந்து அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"என்னால முடியாதுக்கா" என்று மஹாலா அவள் கழுத்துக்குள் முனகினாள். "வந்துரும்."

"நான் இருக்கேன். வா."

டெம்பியும் நம்பினாள். அம்மா சொல்லிக் கேட்டது, அம்மாவுக்கு அவள் அம்மா சொன்னது. பால் திரிகிறது, உறை பனி விழுகிறது என்பதுபோல் அதுவும் ஒன்று. ரத்தம் வந்தால் மஹாலாவை டவுனுக்குக் கொண்டுபோவார்கள். வயிற்றுப் பிள்ளை பிறக்கும்வரை வைத்திருந்து, பிறகு தூக்கில் போடுவார்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே நாலு எட்டுதான். அதை நடக்க ஒரு மதியம் முழுக்க ஆனது போலிருந்தது. ஒரு ஈ ஜன்னலில் முட்டி முட்டி விழுந்தது. கற்பூர வாசனையில் டெம்பிக்குத் தலை லேசாகி, பலகை மேல் கிடப்பது சின்ன ஜேபஸ் என்றும், காய்ச்சல் என்றும், விடிந்தால் இறங்கிவிடும் என்றும் ஒரு கணம் தோன்றியது.

தலைமாட்டில் போய் நின்றாள். காயத்தை மறைத்து வாரிவிட்டிருந்த முடியின் மேல், நெற்றியோரம், தன் வலது உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"மாசமா இருக்கா. கிறுகிறுன்னு வருதாம். தலை ஆடாம நான் பிடிச்சுக்கறேன்" என்றாள். யாரும் மறுக்கவில்லை. இடது கையால் மஹாலாவின் விரல்களைப் பிடித்து, ஜேபஸின் இரு புருவங்களுக்கும் நடுவில் வைத்தாள்.

பன்னிரண்டு பேரும் மஹாலாவின் விரலைப் பார்த்தார்கள். அதன் கீழே தோல் மெழுகுபோல் வெளுத்துக் கிடந்தது.

அப்போது டெம்பியின் உள்ளங்கைக்கு அடியில் ஈரம் வந்தது.

முதலில் வியர்வை என்று நினைத்தாள். வியர்வை இல்லை. பிசுபிசுத்தது. அழுத்த அழுத்த ஊறியது. வந்துவிட்டாயா என்று அவனைக் கேட்டாள், வாய் திறக்காமல். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன். அடித்தால் அடித்தேன் என்பான், திருடினால் திருடினேன் என்பான். இப்போதும் இருக்கிற ஒரே வாயால் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லவிடாமல் அவள்தான் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு வலி அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை.

கிழவர் கிரம் மூக்கு உரசுகிற தூரத்துக்குக் குனிந்தார். மஹாலாவின் விரலைப் பார்த்தார். பிறகு பார்வை மெல்ல மேலே ஏறியது. டெம்பியின் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று நின்றது. இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்றது.

கிழவர் நிமிர்ந்து டெம்பியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவர் வீடு ஓடைக்கு அந்தக் கரையில்தான். காற்று இங்கேயிருந்து அடிக்கிற ராத்திரிகளில் மஹாலாவின் அலறல் அவர் படுக்கை வரை போயிருக்கும். ஒரு ராத்திரிகூட அவர் ஓடையைத் தாண்டி வந்ததில்லை. இதே வீட்டில் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த தானும் எழுந்து போனதில்லையே என்று டெம்பி நினைத்தாள்.

"என்ன பெருசு?" என்றார் லோஃப்டிஸ்.

கிழவர் மஹாலாவின் கையைப் பிடித்து நெற்றியிலிருந்து எடுத்தார். தன் முதுகை மற்றவர்கள் பக்கம் வைத்து, டெம்பியின் கையை மறைத்து நின்றார்.

"காஞ்சு கெடக்கு" என்றார். "ஒண்ணும் வரல. போலாம்."

"அப்ப அந்தப் பன்னியை யாரு கொன்னது?" என்றான் பிக்கன்ஸ். இந்தத் தடவை எல்லோரும் சத்தமாகவே சிரித்தார்கள். அது நிம்மதிச் சிரிப்பு. தற்செயலாக நேர்ந்த சாவு, கடவுள் சித்தம் என்று தீர்ப்பானது. நிழல் தருகிற முற்றத்து மரத்தடியில் பெஞ்சு போட்டு, எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் பெருக்கல் குறி போட்டார்கள். லோஃப்டிஸ் திரும்பி வந்து துக்கம் சொல்லக் கையை நீட்டினார். டெம்பி இடது கையைக் கொடுத்தாள். துக்கத்தில் இருப்பவளுக்கு எது இடது எது வலது என்று அவர் விட்டுவிட்டார்.

குதிரைகள் போயின. சத்தம் ஓடையில் இறங்கிக் கரைந்தது.

"போயிட்டாங்கக்கா" என்றாள் மஹாலா வாசற்படியிலிருந்து.

"தெரியும்."

"கையை எடுத்துருங்க."

"எடுக்கறேன். நீ போய் ஒரு வாய் சாப்பிடு. கதவைச் சாத்திட்டுப் போ."

கதவு மூடிக்கொண்டது. டெம்பி கையை எடுக்கப் பார்த்தாள், வரவில்லை. காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்தால் அவன் தலைமுடியும் கூடவே வரும். அவன் பக்கத்தில் பலகை விளிம்பில் உட்கார்ந்தாள். பிள்ளை கையிலேயே தூங்கிப்போனால், அது விழித்துவிடாமல் கையை உருவுவோமே, அப்படி ஒவ்வொரு விரலாக மெல்ல மெல்ல எடுக்கத் தொடங்கினாள்.