எண்பதில் ஒரு சிவப்பு

பேரிங் சூடுபண்ணும் எங்கள் புது மெஷின் காலை பத்தேகாலுக்குப் புகைந்துபோனது. வோல்டேஜ் ஒரு தடவை எகிறி இறங்கியது, அவ்வளவுதான். மூன்று வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் நான் பெருமையடித்த மெஷின் ஒரே நிமிஷத்தில் கருகல் வாசனையாகிவிட்டது.

வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அன்று முடியாது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் நின்றுபோய், அதன் ஷாஃப்ட் வடக்குப்பட்டில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தது. அதில் ஏற்ற வேண்டிய பேரிங் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி பக்கத்தில் இருந்தது. இரண்டையும் கொண்டுவந்த மெயின்டனன்ஸ் மேனேஜர் வனமாமலை, திருநெல்வேலிக்காரர், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இந்த சைஸ்ல இப்ப இருக்கது இது ஒண்ணுதாம்மா. அடுத்தது வர ரெண்டு மாசம் ஆவும். பாத்துக்கிடுங்க,” என்றார்.

பேரிங்கின் துளை ஷாஃப்ட்டைவிட அரைத் தலைமுடி அளவு சிறியது. அப்படித்தான் இருக்க வேண்டும், அந்த இறுக்கம்தான் பிடி. சூடு பண்ணினால் துளை விரியும். அந்தச் சில நொடிகளுக்குள் நேராக உள்ளே இறக்கிவிட வேண்டும். பாதி வழியில் ஆறினால் அங்கேயே கவ்விக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பேரிங்கும் போகும், ஷாஃப்ட்டும் கீறும், இந்த வட்டாரத்தில் என் பேரும் போகும். சுத்தியலால் தட்டி ஏற்றலாமே என்று சொல்கிற ஆட்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவது வழக்கம்.

என் ஃபிட்டர் ஜெபகுமார்தான் மூலையைக் காட்டினான். அங்கே ஒரு பழைய எண்ணெய் ஹீட்டர் கிடந்தது. ஆறு வருஷத்துக்கு முன், மூடிப்போன மில் ஒன்றில் லேத் வாங்கியபோது கூடவே என் தலையில் கட்டியது. ஓர் இரும்புத் தொட்டி, அடியில் காயில், பக்கவாட்டில் சூட்டைக் காட்ட உருண்டையாக ஒரு டயல். நாங்கள் அதன்மேல் டிபன் பாக்ஸ் வைத்துக்கொண்டிருந்தோம். அதற்கு வேறு உபயோகம் உண்டு என்பதையே மறந்திருந்தேன்.

ஒயர்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே குளவிக்கூடு. சுரண்டினோம். ஒயர் முழுவதையும் மாற்றி, எர்த் கொடுத்து, தொட்டியைக் கழுவித் துடைத்தோம். பேரிங் தொட்டியின் அடியைத் தொட்டால் அந்தப் பக்கம் மட்டும் கூடுதலாகச் சூடேறும் என்று ஜெபகுமார் குறுக்கே ஒரு கம்பியைப் போட்டுத் தொங்கவிடக் கொக்கி வளைத்தான். அவனுக்கு வாய் ஓயாது, ஆனால் வேலை சுத்தம்.

டயலை நான் துடைத்தேன். அழுக்குக்கு அடியிலிருந்து எண்கள் வந்தன. எண்பதுக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி. தேய்த்தும் போகவில்லை. இதற்குமேல் ஏற்றக் கூடாது என்று மெஷினைச் செய்தவன் வைத்த குறி என்றேன். நூற்றுப்பத்து டிகிரியாவது வேண்டுமே என்று ஜெபகுமார் இழுத்தான். எண்ணெய் பற்றிக்கொண்டால் நீயா பதில் சொல்வாய் என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன். முதலாளியாக இருப்பதில் இப்படியொரு சௌகரியம் உண்டு.

புது எண்ணெய் ஊற்றி ஸ்விட்சைப் போட்டோம். இடுக்குகளில் தங்கியிருந்த ஈரம் சடசடவென்று பொரிந்து, மெல்ல அடங்கியது. எண்ணெய்க்கு மேலே காற்று நடுங்கியது. முள் அசைந்தது. ஆறு வருஷம் எங்கள் சோற்றைச் சுமந்த தகரத்துக்கு இத்தனை நாளும் உயிர் இருந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எண்பதில் அரை மணி நேரம் வைத்திருந்து பேரிங்கைத் தூக்கினோம். செங்குத்தாக நிறுத்தியிருந்த ஷாஃப்ட்டின் தலையில் வைத்தோம். விளிம்பில் உட்கார்ந்தது, இம்மியும் இறங்கவில்லை. ஜெபகுமார் யோசிக்காமல் உருவி மறுபடி எண்ணெய்க்குள் விட்டான். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். வனமாமலை எழுந்து நின்றார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டயலிடம் குனிந்தேன். சூட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி இளகி, எண்பதிலிருந்து கீழே வழிந்துகொண்டிருந்தது. கம்பெனிக்காரன் வைத்த குறி எங்காவது நகருமா? தொட்டேன், கட்டைவிரலில் ஒட்டியது. முகர்ந்தால் எண்ணெய்க்கு நடுவே லேசாகச் சந்தன வாசனை.

ஒர்க்‌ஷாப் திறந்த வருஷத்து ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. லேத், டிரில், கிரைண்டர் என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவள், இதற்கு நெற்றி எது என்று தேடி, இந்த உருண்டைக் கண்ணாடியில் வைத்தேன். ஓடுகிற மெஷின்களை மறுநாள் துடைத்தோம். ஓடாததை யார் துடைப்பார்கள்? அடுத்த வருஷத்திலிருந்து அதற்குப் பொட்டு வைக்கவும் இல்லை.

சத்தமில்லாமல் துடைத்துவிட்டுச் சூட்டை ஏற்றச் சொல்லியிருக்கலாம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஜெபகுமார் சரியாகத்தான் சொல்லியிருந்தான், அவன் வாயை அடைத்தது நான்.

“ஜெபா, இது லிமிட் இல்ல. நான் வச்ச பொட்டு.”

“இன்னாக்கா நீங்க,” என்றான். “ஆறு வருசமா கம்பெனி மார்க்குன்னு நெனச்சினு கீறேன்.”

வனமாமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றினோம். முள் நூற்றுப்பத்தைத் தொட்டு நெடுநேரம் நின்றது. எண்ணெய் சொட்டச் சொட்டத் தூக்கி ஷாஃப்ட்டின் தலையில் நேராகப் பிடித்தோம். நாங்கள் தள்ளவில்லை. பிடித்த கை நழுவுவதற்குள் அது தானாக இறங்கிப் போய், அடியில் ணங்கென்று உட்கார்ந்தது. அதே இரும்பு, அதே துளை. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த அளவில்தான் எல்லாமே நடந்திருந்தது. வேலைக்கிருந்த காலத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு வருஷமாக இதே தொழில் செய்கிறேன், அன்றுதான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

ஆறிய பிறகு உள்வளையத்தை மூன்று பேரும் மாறி மாறி அசைத்துப் பார்த்தோம். ஷாஃப்ட்டோடு ஷாஃப்ட்டாகிவிட்டிருந்தது. வெளிவளையத்தை ஒரு விரலால் தள்ளினால் சத்தமே இல்லாமல் சுற்றியது. வனமாமலை ஹீட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆயுத பூஜைக்கு நான் கும்பிடும்போது மனசு பாதி பொரிகடலையில் இருக்கும். அன்று சாதாரணச் செவ்வாய்க்கிழமை, பூவும் இல்லை, கற்பூரமும் இல்லை. கை தானாகக் குவிந்தது.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜெபகுமார் பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, அழிஞ்ச பொட்ட நூத்திப்பத்துல வச்சிடுங்க,” என்றான்.

கட்டைவிரலில் மிச்சமிருந்த சிவப்பை அங்கே வைத்தேன்.