டீச்சர் வீட்டில் எத்தனை பேர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு டீச்சரைப் போட்டிருக்கிறார்கள் என்றதும் அந்தத் தெருவே உஷாரானது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் அவள். மாடியில் ஒரு குடும்பத்தையே வாடகைக்கு வைத்துக்கொண்டு இல்லவே இல்லை என்று சாதித்த வீட்டுக்காரர், கொடியில் காய்ந்த குழந்தைச் சட்டையால் அவளிடம் மாட்டிக்கொண்டார்.

தையல்காரர் வீட்டிலும் அப்படித்தான். மூன்றே பேர் என்றாள் அவர் மனைவி. உள்ளறையிலிருந்து காது கேட்காத மகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறியே!"

"நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும் டீச்சர். எழுத்துல ஏறிட்டா ஊரே பேசுமே."

"நான் எழுதறது வெளியில போகாது. போனா என் வேலை போயிடும். இந்தப் பக்கம் இப்படி எத்தனை பேரு இருக்காங்கன்னு தெரிஞ்சாதானே அவங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ வரும்? ஆளாளுக்கு ஒளிச்சு வச்சுட்டு, அப்புறம் அரசாங்கம் ஒண்ணுமே செய்யலன்னு திட்டுவீங்க. கணக்குல இல்லாத பிள்ளைக்கு யாரும்மா பள்ளிக்கூடம் கட்டுவா?"

அவள் அழுதுகொண்டே மகளைச் சேர்க்கச் சொன்னாள். அன்று முழுக்க டீச்சருக்குத் தலை நிமிர்ந்தே இருந்தது.

அவளுடைய வீடும் அதே தெருவில்தான். மற்ற வீடுகளில் ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுக் கேட்டு எழுதியவள், சொந்த வீட்டுக்கு யாரைக் கேட்பது என்று அடுப்படியில் நின்றபடியே நிரப்பினாள். கணவர், தான், மகள், மகன். பேனா அங்கே நின்றது.

பின்னறையில் சின்னவன் இருந்தான். கணவருடைய தம்பி. சிறு வயதில் வந்த வலிப்பு. உடம்பு வளர்ந்தது, புத்தி எங்கேயோ பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. மகளுக்குச் சம்பந்தம் கூடிவருகிற நேரம். மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்படி ஒருவன் இருப்பதை இதுவரை சொல்லவில்லை. வெளியில் போகாது என்று ஊருக்கெல்லாம் சத்தியம் செய்தவளுக்குத் தன் சத்தியத்திலேயே நம்பிக்கை இல்லை. ஒரு ஆளால் நாட்டுக் கணக்கா கவிழ்ந்துவிடப்போகிறது என்று சொல்லிக்கொண்டாள். மாட்டிக்கொண்டதும் இதையேதான் அந்த மாடி வீட்டுக்காரரும் சொன்னார். அவரை அவள் விட்டாளா?

எழுதிய வீடுகளில் சிலவற்றை மேலதிகாரி திரும்பப் பார்க்க வேண்டும் என்பது முறை. சூப்பர்வைசர் நல்ல மனுஷர். "உங்க வீட்லேருந்தே ஆரம்பிக்கலாம் டீச்சர். அப்புறம் தெருவுல ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க" என்று சிரித்தபடி வந்து உட்கார்ந்தார். "காது கேக்காத பிள்ளையைக்கூட விடாம எழுதியிருக்கீங்க. உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா போதும்." டீச்சருக்குத் தேள் கொட்டியது போலிருந்தது. ஆனாலும் சிரித்தாள்.

"வீட்ல எத்தனை பேரு?"

"நாலு பேர் சார்."

பின்னறைக் கதவு திறந்தது. தண்ணீர் குடிக்கக் காலி டம்ளரோடு வந்த சின்னவன், புது ஆளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"இவர்... ஊர்லேருந்து..." என்று ஆரம்பித்தாள்.

சூப்பர்வைசர் அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. இந்த வீட்ல எத்தனை பேரு?"

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல் மடக்கினான். "அண்ணன், அண்ணி, பாப்பா, பையன். நாலு."

பாவி மனசு, அந்த நொடி டீச்சருக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

"அப்போ நீங்க?"

"ஆளுங்க வந்தா நான் இல்ல" என்றான். "பாப்பாவைப் பாக்க வந்தாங்கல்ல, அப்பவும் நான் இல்ல. இருமல் வந்துச்சு. தலகாணியை வாயில வச்சுக்கிட்டேன்."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று அவள் முகத்தையே பார்த்தான்.

சூப்பர்வைசர் திட்டியிருந்தாலாவது தேவலை. பேனாவை மட்டும் அவள் பக்கம் நகர்த்திவைத்தார். டீச்சருக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. தையல்காரர் மனைவியை நிற்கவைத்துக் கேட்ட கேள்விகள் எல்லாம் தன் வாயிலிருந்து வந்தவைதானா என்று இருந்தது. அவன் பெயரை எழுதி, வயது என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அது அவளுக்குத் தெரியவில்லை.

தலை நிமிராமலே கேட்டாள். "உங்க வயசு என்ன?"

சின்னவன் ஒரு முறை அவரைப் பார்த்தான், ஒரு முறை அவளைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சொல்லலாமா அண்ணி?"