ஜைத்தூன் கண்ட பிறை

என் பிழைப்பு கண்ணால் நடக்கிறது. சுக்கூர் சாயபுவின் பட்டுக்கடைக்கு நெசவாளர்கள் கொண்டுவரும் சேலையை விரித்து, எங்கே ஊடை விட்டிருக்கிறது, எங்கே சரிகை அறுந்திருக்கிறது என்று சொல்வேன். நான் சரி என்றால்தான் அவர் வாங்குவார். "ஜைத்தூன் கண்ணு தப்பாது" என்று வருகிறவர்களிடம் பெருமை பேசுவார். எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லியும் அவர்தான். இமாமுக்கு வேலை கொடுப்பதும் எடுப்பதும் அவர் கையில்.

அந்த வருஷம் ரம்ஜான் மார்கழியில் முடிந்தது. இருபத்தொன்பதாம் நோன்பைத் திறந்துவிட்டு ஆண்கள் தொழப் போனார்கள். நான் மாடியேறினேன். மேகம் சற்று விலக, பிறை தெரிந்தது. அப்படியானால் விடிந்தால் பெருநாள். பக்கத்து மாடி கிருஷ்ணவேணியும் பார்த்தாள்.

பள்ளிவாசல் வாசலுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன்.

"வேற யாரு பார்த்தது?" என்றார் முத்தவல்லி.

"பக்கத்து வூட்டு கிருஷ்ணவேணி."

சிரித்தார். "நம்ம பெருநாளுக்கு அவங்க சாட்சியா? ஒரு பொம்பள பேச்சு போதாதும்மா. நம்மள்ல இன்னொரு பொம்பளையும் ஒரு ஆம்பளையும் பார்த்திருக்கணும். வூட்டுக்குப் போ."

"வேலூர்ல பிறை பார்த்தாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேட்டா..." என்று ஆரம்பித்தார் இமாம். முத்தவல்லி திரும்பிப் பார்த்தார். ஓதிப் படித்த மனிதர், பேச்சை விட்டுவிட்டு உள்ளே போனார்.

சட்டம் அதுதான் என்றால் இருக்கட்டும். உடனே நாலு ஆண்களை மாடிக்கு அனுப்பியிருக்கலாமே. போன் இவர் கடையிலேயே இருக்கிறதே. பெருநாளன்று நோன்பு வைக்கக் கூடாதென்று குழந்தைக்கும் தெரியும். ஜமாத்தை விட்டு நான் மட்டும் தனியாகக் கொண்டாட முடியாது. தெரிந்தே மறுநாளும் நோன்பு வைத்தேன்.

காலை பத்து மணிக்கு வேலூரிலிருந்து செய்தி வந்தது. நேற்றே பிறை பார்த்தாகிவிட்டதாம். நோன்பை விடச் சொல்லி வீடு வீடாக ஆள் போனது. அவசரமாகப் பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் முத்தவல்லியைத் தழுவி வாழ்த்தினார்கள். என் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கடை திறந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சேலைக்கு வந்திருந்தது. முத்தவல்லி சேலையை என் முன்னால் விரித்தார்.

"பார்த்துச் சொல்லு ஜைத்தூன். இவங்க காத்துக்கினு இருக்காங்க."

முந்தானைக்கு ஒரு முழம் முன்னால் ஓர் இழை விட்டிருந்தது. உடனே கண்ணில் பட்டது.

"குறை இருக்குது மொதலாளி," என்றேன். "ஆனா ஒரு பொம்பள பேச்சு போதாதே. இன்னொரு பொம்பளையும் ஒரு ஆம்பளையும் கூட்டிக்கினு வாங்க. அவங்களும் பார்க்கட்டும்."

அவர் முகம் கறுத்தது. அந்தக் குடும்பம் சேலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. எந்த இடம் என்று நான் காட்டவில்லை.